மூட்டில் கேட்கும் 'சொடக்'

விரலை இழுத்துச் சொடக்குப் போடாதவர் உங்களில் எத்தனை பேர்? அந்த ஓசை எங்கிருந்து வருகிறது? 'நழுவிய எலும்பு இடத்தில் பொருந்துகிறது' என்றுதான் பல நூற்றாண்டுகளாக மக்கள் நம்பினார்கள். இந்த நம்பிக்கையின் மீது ஒரு தொழிலே வளர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து முழுவதும் எலும்பு வைத்தியர்கள் இருந்தனர். மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். தந்தையிடமிருந்து மகன் கற்ற கைவித்தை. மணிக்கட்டு முறிந்த ஒருவருக்கு மருத்துவர் கட்டுப் போடுவார். எலும்பு கூடிவிடும், ஆனால் வாரக்கணக்கில் அசையாதிருந்த கை மடங்காது. 'இன்னும் ஓய்வு தேவை' என்பார் மருத்துவர். நோயாளி பொறுமையிழந்து எலும்பு வைத்தியரிடம் போவார். அவர் ஒரே திருப்பாகத் திருப்புவார். 'சொடக்' என்று கேட்கும், கை அசையும்!

லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் இதைக் கேலி செய்து ஒதுக்கவில்லை. 1867இல், எலும்பு வைத்தியர் குணப்படுத்தும் நோய்கள் எவை என்பதையே பொருளாக வைத்துச் சொற்பொழிவாற்றினார். அவர்களிடம் உள்ள நல்லதைக் கற்று, தீயதை விலக்குங்கள் என்பதே அவர் மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரை.

அப்படியே கற்றவர் ஒருவர் உண்டு. ஹட்டன் என்னும் எலும்பு வைத்தியர் நோயுற்றபோது டாக்டர் பீட்டர் ஹுட் கட்டணமின்றிச் சிகிச்சை செய்தார். நன்றிக்கடனாக ஹட்டன் தம் தொழில் ரகசியத்தைக் கற்றுத்தர முன்வந்தார். அதைக் கற்றவர் பீட்டரின் மகன் வார்ட்டன் ஹுட். 1871இல் அவர் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார். அவர் கண்டது என்ன? எலும்பு எதுவும் நழுவவில்லை. அசையாதிருந்த மூட்டைச் சுற்றி உருவான ஒட்டுகளே அந்தத் திருப்பில் அறுந்தன. கை செய்தது சரி. வாய் சொன்ன காரணம் தவறு!

இதே காலத்தை ஒட்டி, அமெரிக்காவில், அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், டி.டி. பால்மர் 1895இல் கைரோபிராக்டிக் முறையைத் தொடங்கினார். கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள். நோய்களில் நூற்றுக்கு 95 முதுகெலும்புக் கணுக்கள் விலகுவதாலும், எஞ்சிய 5 மற்ற மூட்டுகள் விலகுவதாலும் வருகின்றன என்று அவர் 1910இல் எழுதினார். ஆகத் தோள், முழங்கால், பாதம் ஆகியவையும் தொடக்கம் முதலே அவர் கணக்கில் இருந்தன. ஆனால் எல்லா நோய்க்கும் மூட்டு விலகலே காரணம் என்ற கொள்கையை அறிவியல் மெய்ப்பிக்கவில்லை.

சரி, அந்தச் 'சொடக்'? 1947இல் லண்டனில் ரோஸ்டன், ஹெய்ன்ஸ் இருவரும் விரல் மூட்டை இழுத்து எக்ஸ்ரே எடுத்தனர். ஓசை எழுந்ததும் மூட்டினுள் வாயு இடைவெளி தென்பட்டது. வாயுக் குமிழ் உடைவதே ஓசை என்றது 1971இல் லீட்ஸ் நகர் ஆய்வு. 2015இல் கனடாவில் எம்.ஆர்.ஐ. கருவி கொண்டு பார்த்தவர்கள், இடைவெளி தோன்றும் கணத்திலேயே ஓசை எழுகிறது என்றனர். எப்படியாயினும் அது மூட்டுநீரில் நிகழும் வாயு விளையாட்டு. எலும்பு பொருந்தும் ஓசை அன்று.

இன்றும் தோள் இறுகியவர்கள் சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து மூட்டை அசைத்து விடுகிறார்கள் எலும்பு மருத்துவர்கள். ஹட்டனின் கைவித்தை மருத்துவமனைக்குள் வந்துவிட்டது எனலாம். ஆனால் எந்த மூட்டைத் தொடக்கூடாது என்று அறிவதும் அந்த வித்தையில் அடக்கம். முறிந்த எலும்பையோ, சீழ் பிடித்த மூட்டையோ, காசநோய் கண்ட மூட்டையோ திருப்பினால் கேடே விளையும்.

ஆகவே, வாசகரே, அடிபட்ட மூட்டு வீங்கினால், காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது கால் ஊன்ற முடியாவிட்டால், யாரிடமும் இழுத்துவிடக் கொடுக்காதீர்கள். முதலில் மருத்துவர் பார்க்கட்டும். வேண்டுமானால் எக்ஸ்ரே எடுக்கட்டும். 'சொடக்' என்ற ஓசை குணமானதற்குச் சான்று ஆகாது.