கட்டுத்துணி நெய்யும் ஊரில் ஆறாத காயம்



ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணியை நெய்கிறார்கள். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் திருவில்லிபுத்தூர். மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. உடம்பில் விழுந்த வெட்டுக்குக் கட்டுத்துணி இங்கே, வழக்குக்கு நீதிமன்றம் அங்கே. மனதில் விழுந்த வெட்டைப் பார்க்க நாம் யாரைப் பழக்கியிருக்கிறோம்? இந்த நினைவுநாளில் இதைத்தான் பேச நினைக்கிறோம்.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் காவல்துறை புகுந்து வீடுகளைச் சூறையாடியது. 1997இல் விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்ட எதிர்ப்பு மூண்டது. மம்சாபுரம், திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரமெங்கும் கலவரம் பரவியது. அந்த ஆண்டு ஜூலையில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அதோடு பிரச்சினை முடிந்ததாகக் கோப்பு மூடப்பட்டது.

நம் அறிக்கைகளும் அப்படித்தான் முடிந்தன. செத்தவர் எத்தனை பேர், எரிந்த வீடு எத்தனை, போன ஆடுமாடு எத்தனை என்று எழுதினோம். அன்றிரவு அம்மாவின் சேலைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்த பிள்ளையை எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது முப்பதைத் தாண்டிய வயது. சிவகாசிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்காத நாள் உண்டா? ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு அடைத்துக்கொள்கிறவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். "பயந்த கோளாறு" என்று மந்திரித்துக் கயிறு கட்டி அனுப்பிவிடுகிறோம்.

உலகமும் இந்தக் காயத்துக்குத் தாமதமாகத்தான் பெயர் வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் மனவடு நோய் இடம்பெற்றது 1980இல்தான். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களும் அவர்களோடு நின்றவர்களும் போராடிப் பெற்ற இடம் அது. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒரு கணக்கு இருக்கிறது: கொடுமை முடிந்துவிட்டது, அதன் பின்விளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பது. போர்வீரன் ஊர் திரும்பிவிட்டான். நம் ஆட்களுக்கு ஊரேதான் களம். அடித்தவனின் வாசலைக் கடந்துதான் ரேஷன் கடைக்குப் போக வேண்டும், அவன் தோட்டத்தில்தான் கூலி கேட்க வேண்டும். அல்ஜீரியாவில் மனநல மருத்துவராக இருந்த பிரான்ஸ் பனோன் 1961இல் வெளிவந்த தன் நூலில் இதைத்தான் காட்டினார். காலனி ஆட்சி நடக்கிறவரை அது உண்டாக்குகிற நோயை மருத்துவமனைச் சுவருக்குள் மட்டும் தீர்க்க முடியாது.

அதற்காகக் கைகட்டி இருந்துவிட முடியுமா? தமிழிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. போர் நடந்த யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் ஆசிரியர்களுக்கும் ஊர்மட்ட ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அகதிகளின் மனநலத்துக்காக எழுதப்பட்ட சர்வதேசக் கையேட்டைத் தமிழ்ச் சமூகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். ஒப்பாரியையும் சடங்கையும் மூடத்தனம் என்று ஒதுக்காமல், துயரை வெளியே விடும் வழியாகப் பார்த்தார்கள். காயம் ஒருவருடையது மட்டுமல்ல, குடும்பமும் ஊருமே காயப்பட்டிருக்கின்றன என்று கூட்டு மனவடுவைப் பற்றி எழுதினார் அவர். நாம் ஆற்றுப்படுத்துநர் என்று சொல்பவரை அங்கே உளவளத்துணையாளர் என்கிறார்கள். பெயர் வேறு, வேலை ஒன்றுதான்.

நம் பயிற்சியில் முதல் பாடமாக எது இருக்க வேண்டும்? சாதி. மனநலப் படிப்பு முடித்து வருகிறவர், "பழசை மறந்துட்டு முன்னேறுங்கம்மா" என்று சொன்னால் அது இரண்டாவது அடி. எந்தத் தெரு, எந்தக் கிணறு, எந்த வழக்கு என்று தெரியாதவர் ஆறுதல் சொல்ல வரக்கூடாது. இரண்டாவது பாடம் பாதுகாப்பு. இன்றிரவு எங்கே படுப்பீர்கள், துணைக்கு யார் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. நடந்ததைத் தோண்டுவது அதற்குப் பிறகுதான், அதுவும் அவர் விரும்பினால் மட்டும்.

இதில் நம் தவறையும் சொல்லியாக வேண்டும். உண்மை அறியும் குழு என்று நோட்டோடு போய், ஒரே பெண்ணிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறோம். ஒருமுறை ஓர் அக்கா சொன்னார்: "நீங்க எழுதிட்டுப் போயிருவீங்க தம்பி. எனக்கு இன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு." அன்று எங்களிடம் பதில் இல்லை.

மூன்றாவது பாடம் நீதிமன்றம். மனவடு பட்டவரின் நினைவு வரிசையாக வராது. தேதி மறந்திருக்கும், அரிவாளின் பளபளப்பு மட்டும் நினைவிருக்கும். குறுக்கு விசாரணையில் அதையே பொய் என்பார்கள். குற்றப்பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். நடப்பில் ஆண்டுக்கணக்கில் வாய்தா விழுகிறது. அதற்குள் சாட்சி உடைந்துபோவார், பிறழ் சாட்சி என்ற பெயரும் அவர் தலையில் விழும். 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு, சாட்சிக்குப் பாதுகாப்பும் பயணச் செலவும் மறுவாழ்வும் அரசின் கடமை என்கிறது. அந்த மறுவாழ்வுக்குள் பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரும் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அவர் சாட்சிக்கு வாக்குமூலம் சொல்லிக்கொடுப்பவர் அல்ல. கூண்டில் ஏறும்போது கால் நடுங்காமல் நிற்கத் துணை செய்பவர்.

ஆலோசனை நீதிக்கு மாற்றாகிவிடும் என்ற அச்சம் நமக்கும் உண்டு. குற்றவாளியை வெளியே விட்டுவிட்டு, பாதிக்கப்பட்டவருக்கு மாத்திரை கொடுத்து அமைதிப்படுத்துவதை ஏற்க மாட்டோம். ஆனால் தீர்ப்பு வருகிறவரை மனிதர் உயிரோடும் மனத்தெளிவோடும் இருக்க வேண்டுமே?

ஆகவே இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். நம் தெருக்களிலிருந்து வக்கீல்கள் வந்தார்கள், எழுத்தாளர்கள் வந்தார்கள். இனி உளவியல் படித்தவர்களும் வர வேண்டும். படித்துவிட்டு, திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருக்கும் நம் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். எதையும் கேட்பதற்கு முன்னால், சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள்.