பாம்பாற்றுப் பாதையைக் கண்டுபிடித்தது யார்?

கொடைக்கானல் போய்ட்டு வந்த நண்பர்கள்ல ஒருத்தராவது, "வட்டக்கானல் பக்கம் ஒரு அருவி இருக்கு, யாருக்குமே தெரியாது"ன்னு சொல்லியிருப்பாங்க. அது பாம்பாறு அருவி. 1970-களில் லிரில் சோப்பு விளம்பரம் அங்கே எடுத்ததால 'லிரில் அருவி'ன்னும் ஒரு பேரு. பாம்பாறு மலையிறங்கி, பெரியகுளம் பக்கத்துல கும்பக்கரை அருவியா விழுது. கும்பக்கரையில அந்த ஆத்தோரமா ஆரம்பிச்சு, வெள்ளகவி கிராமம் வழியா வட்டக்கானலுக்கு ஏறுது ஒரு ஒத்தையடிப் பாதை. இன்னைக்கு அதோட கதைதான்.

1821-ல லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் இந்த மலைக்கு ஏறினார். கொடைக்கானலுக்கு முதல்ல வந்த ஐரோப்பியர்னு அவரைச் சொல்லுவாங்க. சரி, எந்த வழியா ஏறினார்? வெள்ளகவி வழியாத்தான். அதாவது, அவர் வர்றதுக்கு முன்னாடியே அங்க ஊர் இருந்தது, ஊருக்குப் பாதையும் இருந்தது. வார்டு செஞ்சது அதை அளந்து எழுதி வெச்சதுதான்.

1845-ல, மதுரை வெயிலுக்கும் நோய்க்கும் தப்பிக்க, அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானல்ல வீடு கட்டினாங்க. பெரியகுளம் பக்கத்து அடிவாரம் வரைக்கும் மாட்டு வண்டி. அதுக்கு மேல நடை, இல்லன்னா குதிரை. முடியாதவங்களை நாற்காலியில உட்கார வெச்சுக் கூலியாட்கள் தோள்ல தூக்கிட்டு ஏறினாங்க. மூட்டை முடிச்சும் அப்படித்தான். மோட்டார் சாலை வந்தது 1910-களின் நடுவுலதான். அதுவரைக்கும், ஏறக்குறைய 70 வருஷம், அந்த மலை நகரத்தைச் சுமந்தது மனுஷங்க தோள். அந்த வீடுகளைக் கட்டினவங்க பேரு புத்தகத்துல இருக்கு. தூக்கினவங்க பேரு இல்ல.

சாலை வந்ததும் பழைய மலைப்பாதைகள்ல கூட்டம் குறைஞ்சுது. ஆனா வெள்ளகவிக்காரங்களுக்கு அதுக்கப்புறமும் தலைமுறை தலைமுறையா நடைதான். உடம்பு முடியாம போனா, கர்ப்பிணிக்கு வலி எடுத்தா, டோலி கட்டித் தூக்கிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. அன்னைக்கு அந்த மலையில துரைமாரைத் தூக்கினாங்க. இந்த ஊர்ல சொந்த அம்மாவையும் பொண்ணையும் தூக்கினாங்க. நமக்கு வார இறுதி ட்ரெக்கிங். அவங்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போற ரோடா இருந்தது.

அதனால, இனிமே யாராவது "நாங்க கண்டுபிடிச்ச இடம்"னு ரீல்ஸ் போட்டா கொஞ்சம் யோசிங்க. போறதா இருந்தா வனத்துறை அனுமதி வாங்கிட்டுப் போங்க. மலைமேல மழை பெஞ்சா, கும்பக்கரையில திடீர்னு வெள்ளம் வரும், விளையாடாதீங்க. அப்புறம், வெள்ளகவி கோயில்கள் நிறைஞ்ச ஊர். ஊருக்குள்ள யாரும் செருப்புப் போட மாட்டாங்க. ஊர் எல்லையில நீங்களும் ஷூவைக் கழட்டிடுங்க. வார்டுக்கு முன்னாடியே அங்க நடந்தவங்களுக்கு நாம செய்யற மரியாதை அது.