எண்ணூர்த் துறைமுகமும் ஆப்ரிக்காவின் கடனும்

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளில் வாழும் நமக்கு எண்ணூர்த் துறைமுகம் புதிதல்ல. இன்று காமராஜர் துறைமுகம் என்றழைக்கப்படும் இது, அனல்மின் நிலையத்திற்கான நிலக்கரியை இறக்குவதற்கென, ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2001ம் ஆண்டு திறக்கப்பட்டது. அவ்வங்கியில் அதிகப் பங்குகள் வைத்திருப்பவை ஜப்பானும், அமெரிக்க ஐக்கிய நாடும். செல்வந்த நாடுகள் சேர்ந்து தரும் வளர்ச்சி உதவியை நம் வாசலிலேயே பார்த்திருக்கிறோம். அது தானமல்ல, கடன். கப்பல்கள் வந்தன, வருமானமும் வந்தது. (அனல்மின் நிலையச் சாம்பலால் எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்கள் இழந்தது தனிக்கதை.)

ஆப்ரிக்க நாடுகள் பலவற்றில் நடந்தது வேறு. 1970களில் வாங்கிய கடன்கள், வட்டி உயர்ந்ததாலும், செம்பு, காப்பி, கொக்கோ ஆகியவற்றின் விலை சரிந்ததாலும் மலைபோல் பெருகின. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகவேண்டிய பணம் வட்டிக்குப் போனது. விவிலியத்தின் யூபிலி ஆண்டை நினைவூட்டி, இக்கடன்களைப் பெருமளவு குறைக்கவோ, முற்றிலும் நீக்கவோ வேண்டுமென்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1994ம் ஆண்டே கேட்டுக்கொண்டார். 1998ம் ஆண்டு, பர்மிங்காமில் ஜி8 தலைவர்கள் கூடியபோது, ஏறத்தாழ 70,000 பேர் இதே கோரிக்கையோடு மனிதச் சங்கிலி அமைத்தனர்.

2005ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸில் ஜி8 நாடுகள் இணங்கின. 18 வறிய நாடுகள் உலக வங்கி முதலிய நிறுவனங்களுக்குத் தரவேண்டிய, ஏறத்தாழ 4,000 கோடி டாலர் கடனை நீக்க முடிவானது. இவற்றில் 14 நாடுகள் ஆப்ரிக்காவில் உள்ளவை. பயன் கண்கூடாகத் தெரிந்தது. ஜாம்பியா, 2006ம் ஆண்டு, கிராமப்புற நலவாழ்வு மையங்களில் நோயாளிகளிடம் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. ஆனால், ஆப்ரிக்காவுக்கான உதவியை 2010ம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு 2,500 கோடி டாலர் உயர்த்துவோம் என்று அதே கூட்டத்தில் தந்த வாக்குறுதியில் பாதிகூட நிறைவேறவில்லை.

அதே ஜாம்பியா 2020ம் ஆண்டு மீண்டும் கடனைக் கட்ட இயலாமல் நின்றது. இம்முறை கடன் கொடுத்தவர்களுள் சீனாவும், தனியார் முதலீட்டாளர்களும் முக்கியமானவர்கள். அரசுகளுக்குத் தரவேண்டிய 630 கோடி டாலர் பற்றி உடன்பாடு காணவே 2023ம் ஆண்டு ஆகிவிட்டது.

இந்தியாவும் இன்று கடன் தரும் நாடு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 2015ம் ஆண்டு டெல்லியில் நடந்த இந்திய-ஆப்ரிக்க உச்சி மாநாட்டில், ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி டாலர் சலுகைக் கடன் அறிவிக்கப்பட்டது. இத்தகைய கடனில் பெரும்பகுதியை இந்தியப் பொருள்களையும் சேவைகளையும் வாங்கவே செலவிடவேண்டும் என்பது பொதுவான விதி. நம் பகுதியைப்போன்ற தொழிற்பேட்டைகளுக்கு வேலை தரக்கூடிய விதி இது. அங்கே கடனைக் கட்டப்போவது ஜாம்பியாவைப் போன்ற நாடுகளின் மக்கள்.