சுகவாச ஊருக்குப் போன வழி

ஏப்ரல் விடுமுறையில் மொனராகலையிலிருந்து பிள்ளைகளுடன் பண்டாரவளை, வெலிமடை வழியாக நுவரெலியா சென்றேன். கிராண்ட் ஹோட்டல் முன்னே மூத்த மகள் கேட்டாள்: "வாப்பா, இந்தக் குளிர் ஊரை வெள்ளைக்காரன் எப்படிக் கண்டான்?"

விடை எங்கள் ஊர் வழியாகவே வருகிறது. 1817இல் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரிக்கார் என்ற முஸ்லிமை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தனர். ஊவாக் கிளர்ச்சி மூண்டதற்கு அதுவும் ஒரு காரணம். கிளர்ச்சியாளர் அவரைப் பிடித்துக் கொன்றனர். 1818இல் ஆங்கிலப் படை ஊர்களையும் விளைச்சலையும் எரித்துக் கிளர்ச்சியை அடக்கியது. நூறாயிரம் வயல் என்று பெயர் கொண்ட வெல்லஸ்ஸ காடானது.

மறு ஆண்டு, பாழ்பட்ட ஊவாவைச் சுற்றிவந்த இராணுவ வைத்தியர் ஜோன் டேவி இந்த மேட்டுநிலத்தை அடைந்தார். 1820களின் இறுதியில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே நோயுற்ற படையினருக்குச் சுகவாச நிலையம் அமைத்தார். அவர் கட்டிய வீடே இந்த ஹோட்டலின் தொடக்கம்.

ஹாஜி மரிக்காரின் பெயரை வகுப்பில் சொல்ல இதுவரை தயங்கியே வந்திருக்கிறேன். நம்மவரைக் காட்டிக்கொடுத்தவர் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம். அன்று மகளிடம் முழுவதையும் சொன்னேன். "பதவி கொடுத்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லையா, வாப்பா?" என்றாள். அடுத்த தவணையில் அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கப் போகிறேன்.