வெயிலா, மருந்தா?

காரமடைப் பக்கத்துக் கறிவேப்பிலைத் தோட்டத்தில் மருந்து அடித்துவிட்டு வருகிறவருக்குக் குமட்டலும் அசதியும் சேர்ந்து வந்தால், வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. "வெயில்லதானுங்க நின்னாங்க, வேற என்ன?" சித்திரை மாதத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் டேங்கிலிருந்து கசிந்து முதுகை நனைத்த மருந்தும் இதே இரண்டு தொல்லைகளோடுதான் ஆரம்பிக்கிறது.

வெயில் தாக்கும்போது உடம்பில் நடப்பது எளிமையானது. வியர்வையோடு நீரும் உப்பும் போகின்றன. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கம் ஓட, வயிற்றுக்கு வரத்து குறைகிறது. நாக்கு வறளும், சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகும். நிழலில் படுக்கவைத்து உப்புப் போட்ட மோர் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஆள் தெளிந்துவிடுவார். தெளியாமல் பிதற்றினால் அது வெப்பவாதம்; 108-ஐ அழைக்க வேண்டியதுதான்.

குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளின் போக்கு வேறு. நரம்பு அனுப்பும் சேதியை முடித்துவைக்கும் நொதியை அவை முடக்குகின்றன. சேதி நிற்காததால் சுரப்பிகள் ஓயாமல் சுரக்கும், தசைகள் துடித்துச் சோரும். வாயில் எச்சில் ஊறும், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், சிலருக்குப் பேதியாகும், கண்பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கும். வியர்வை இரண்டிலும் கொட்டுவதால் அதை நம்ப முடியாது. நான் முதலில் வாயைத்தான் பார்ப்பேன்: வெயிலுக்கு வறண்டிருக்கும், மருந்துக்கு ஊறியிருக்கும்.

நிழலும் இங்கே உதவாது. நனைந்த சட்டை உடம்பில் இருக்கும்வரை தோல் வழியாக மருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். பால் குடித்தால் விஷம் முறியும் என்பது வெறும் நம்பிக்கை.

சங்கடம் என்னவென்றால் இரண்டும் கைகோத்தும் வரும். சூடேறி வியர்த்த தோல் மருந்தை இன்னும் வேகமாக உறிஞ்சுகிறது. அதற்கு அஞ்சி ரெயின்கோட்டும் முகமூடியும் மாட்டினால், உள்ளே வெக்கை தாங்காது. அதனால்தான் பலரும் லுங்கியோடு இறங்கிவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் ஆபத்து நிஜம்: 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கண்பாவை சுருங்கவில்லை என்பதற்காகக் காரணம் மருந்தில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. இமிடாகுளோபிரிட் போன்றவை வேறு வழியில் தாக்குபவை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மருந்து டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துப்போக வேண்டும். அட்ரோபின் ஊசியா, வெறும் சலைனா என்று டாக்டர் முடிவெடுக்க அது உதவும்.