வெங்காரம் கரைத்தது

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் நேராக ஆழத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். இறங்க வேண்டியதுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரையும் தாண்டிப் போனது. பாறை வெடித்து மாண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லைன் வீடுகளில் வாழ்கிறார்கள். ஆனால் அங்கே வெட்டிய கல் மேலே வந்த பிறகு என்ன ஆனது என்பதற்கு அரைப்பக்கம்கூடக் கிடைப்பதில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. கல்லைத் தங்கமாக்கியது மில்லும் உலையும்தான்.

1873இல் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கேட்டதும், 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததும், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்ததும் தெரிந்த கதை. மில்லில் இரும்பு உலக்கைகள் இரவு பகலாகக் கல்லை இடித்தன. பொடியைத் தண்ணீரோடு பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டால் தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவையைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக வடித்தெடுத்தபின் மிஞ்சுவது கடற்பஞ்சு போன்ற தங்கம். தகட்டில் சிக்காததைப் பிடிக்க, 1887இல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை சில ஆண்டுகளிலேயே இங்கு வந்துவிட்டது. சயனைடு நீரில் கரைந்த தங்கத்தைத் துத்தநாகத்தால் மீட்டால் கிடைப்பது பளபளப்பான பொருளல்ல, கறுப்புச் சேறு. தங்கத்தோடு துத்தநாகம், ஈயம், இரும்பு எல்லாம் அதில் இருக்கும். அமிலத்தில் கழுவி வறுத்தால் எஞ்சிய துத்தநாகம் ஆக்சைடாக மாறும்.

இனிதான் உலையின் வேலை. தங்கம் 1064 டிகிரியில் உருகிவிடும். துத்தநாக ஆக்சைடு உருக ஏறக்குறைய 1975 டிகிரி வேண்டும். அந்தச் சூடு அந்த உலையில் இல்லை. அப்படியிருந்தும் அது மூசைக்குள் காணாமல் போகிறது. உருகாமலே கரைகிறது. கரைப்பது வெங்காரம். 743 டிகிரியிலேயே கண்ணாடிக் குழம்பாகி, ஆக்சைடுத் துகள்களைச் சூழ்ந்து, விளிம்பிலிருந்து தின்னத் தொடங்குகிறது. சூடான பாலில் போட்ட கற்கண்டைச் சுற்றித் தித்திப்பு தேங்கி நிற்பதுபோல, கரைந்த ஆக்சைடு துகளைச் சுற்றியே ஒரு படலமாக நிற்கும். அது விலகினால்தான் அடுத்த அடுக்கு கரையும். துகள் நுண்மையாக இருக்க வேண்டும், சூடு போதுமானதாக இருக்க வேண்டும், குழம்பைக் கிளறிவிட வேண்டும். வெங்காரத்தோடு சேர்க்கும் மணல் கூடிப்போனால் குழம்பு இறுகி எல்லாமே மந்தமாகிவிடும். இன்று எஃகு ஆய்வகங்களில் ஒற்றை ஆக்சைடுத் துகள் கசடுக்குள் சுருங்குவதை லேசர் நுண்ணோக்கியில் படம்பிடித்து அளக்கிறார்கள். உலைக்காரர் குழம்பு ஓடும் விதத்தைப் பார்த்தே கணித்தார். அந்தக் கணிப்பையும் அறிவு என்றே நான் சொல்வேன்.

வகுப்பில் இதைக் காட்ட எனக்கு ஒரு பிளாட்டினக் கம்பி போதும். அதன் வளையத்தில் வெங்காரத்தைச் சுட்டுக் கண்ணாடி மணியாக்கி, துளி கோபால்ட் உப்பைத் தொட்டு மறுபடி சுட்டால் மணி முழுக்க நீலமாகும். ஆக்சைடு கண்ணாடிக்குள் கரைந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. உங்கள் தாத்தா வேலை பார்த்த இடத்தில் இதுதான் மூசை மூசையாக நடந்தது என்றால், கடைசி பெஞ்சும் எழுந்து பார்க்கும்.

இந்த அறிவு கப்பலேறி வந்ததும் அல்ல. திபெத்து ஏரிக்கரைகளிலும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலும் எடுத்த வெங்காரம், கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பத்தர்களின் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தது. இங்கே ராபர்ட்சன்பேட்டையில் நகைக்குப் பற்றவைப்புப் பொடி வைக்கும் ஆசாரி வெங்காரம் தடவுவதும் அதே காரணத்துக்காகத்தான்: இணைப்பில் படியும் செம்பு ஆக்சைடை அது கரைத்துவிட்டால்தான் பொடி ஓடிப் பிடிக்கும்.

மூசையில் ஆக்சைடு கரைந்தபின் தங்கம் பிரிவது எளிது. உருகிய தங்கம் தண்ணீரைவிடப் பதினேழு மடங்கு கனம். ஆக்சைடைக் கரைத்த வெங்காரக் குழம்பான கசடோ மூன்று மடங்குகூட வராது. அச்சில் ஊற்றி ஆறவைத்தால் கட்டி அடியில், கசடு மேலே. சுத்தியலால் தட்டினால் கழன்றுவிடும். வெளியூர்க்காரர்கள் சயனைடு மேட்டைக் காட்டி, இதுதான் அந்தக் கசடா என்று கேட்கிறார்கள். இல்லை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபோது மிஞ்சி நின்ற அந்த மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட மண், மில் அரைத்துத் தள்ளிய கல். உலைக் கசடு அளவில் கொஞ்சம்தான், அதையும் யாரும் வீசுவதில்லை. குழம்பு இறுகியிருந்தால் குண்டூசித் தலையளவு தங்கமணிகள் அதற்குள் மாட்டிக்கொள்ளும். உடைத்துப் பொடியாக்கி அதை மறுபடி அரைவைக்கே அனுப்புவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.