பள்ளி அணியா, ஜிம் அணியா?

ஐபிஎல் ஆட்டங்களில் எல்லைக்கோட்டருகே ஆடும் பெண்களை வைத்துத்தான் நம்மில் பலருக்குச் சியர்லீடிங் தெரியும். அது பிறந்த அமெரிக்காவில் அதன் கதை வேறு. 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டமொன்றில், ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன் நின்று எல்லோரையும் முழக்கமிட வைத்தார். இன்று அது அங்குள்ள பள்ளி வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. சேர விரும்பும் பிள்ளைக்கு இரண்டு வழிகள் உண்டு: பள்ளியின் அணி, அல்லது தனியார் ஜிம் நடத்தும் ஆல்ஸ்டார் அணி.

பள்ளி அணி இன்னொரு அணிக்காக நிற்பது. இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை இரவுகளில் கால்பந்துத் திடல், குளிர்காலத்தில் கூடைப்பந்து அரங்கம். தன் பள்ளி தோற்றுக்கொண்டிருக்கும்போதும் தொண்டை வற்றக் கத்த வேண்டும். சில பள்ளிகள் போட்டிக்கும் போகும். ஆனாலும் முதல் கடமை திடலோரத்தில்தான்.

ஆல்ஸ்டார் அணி வேறு யாருக்காகவும் கத்துவதில்லை. 54 அடி அகலம், 42 அடி ஆழம் கொண்ட ஸ்பிரிங் தளத்தில் அதிகபட்சம் இரண்டரை நிமிடம்: அந்த ஆட்டத்துக்காகத்தான் ஆண்டு முழுக்கப் பயிற்சி. வார இறுதிகள் போட்டிகளுக்கே போகும். பணமும் அப்படித்தான். மாதக் கட்டணம், சீருடை, பயணம், விடுதி என்று ஓராண்டில் பல ஆயிரம் டாலர் கரையும். பள்ளி அணியிலும் சீருடைக்கும் முகாமுக்கும் செலவு உண்டு, ஆனால் பெரும்பாலும் அவ்வளவு ஆகாது.

தேர்வு முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. பள்ளியில் நடுவர்கள் முன் ஆடிக் காட்ட வேண்டும். இடங்கள் குறைவு என்பதால் பட்டியலில் பெயர் வராமலே போகலாம். பதின்மூன்று வயதில் அந்த ஏமாற்றம் சிறியதல்ல. ஆல்ஸ்டார் ஜிம்மில் பெரும்பாலும் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. வயதும் திறமையும் பார்த்து ஏழு நிலைகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். முதல் நிலையில் கார்ட்வீல், ரவுண்டாஃப் போன்ற எளிய கரணங்கள் போதும். பின்புறமாகக் கையூன்றிப் புரளும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் இரண்டாம் நிலையில்தான் வரும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு இந்தப் படிக்கட்டு பெரிய உதவி. ஆனால் அணியில் ஆள் குறைகிறது என்பதற்காகத் தகுதிக்கு மேற்பட்ட நிலையில் பிள்ளையைப் போட்டால் அதே படிக்கட்டு ஆபத்தாகும்.

ஆபத்து என்பது வெறும் பேச்சல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2012இல் வெளியிட்ட அறிக்கை, உயர்நிலைப்பள்ளி விளையாட்டுகளில் பெண்களுக்கு நேர்ந்த மிகக் கடுமையான காயங்களில் சுமார் 65 விழுக்காடு சியர்லீடிங்கால் வந்தவை என்றது. காயம்படும் விகிதம் பிற விளையாட்டுகள் பலவற்றைவிடக் குறைவுதான். பட்டால் பலமாகப் படுகிறது. மேலே ஏறும் ஃபிளையரைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். கீழே தாங்கும் பேஸ், பின்னால் நிற்கும் பேக்ஸ்பாட் இருவரின் தலையிலும் முழங்கையும் முழங்காலும் இடித்துக்கொண்டே இருக்கும். தளத்தைப் பொறுத்தவரை ஜிம்முக்கே முன்னிலை: அங்கே ஸ்பிரிங்கும் நுரைமெத்தையும் உண்டு. பள்ளியில் கடினமான மரத்தளத்தில், ஃபிளையரை உயரே எறியும் பாஸ்கெட் டாஸ் செய்ய விதியே அனுமதிப்பதில்லை, செய்யவும் கூடாது. மறுபக்கம், பல பள்ளிகளில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னர் ஒருவர் இருப்பார்; ஜிம்களில் அப்படி ஒருவரைக் காண்பது அரிது. பயிற்சியாளரிலும் வேறுபாடு உண்டு. ஜிம்மில் அதுவே தொழிலாக இருப்பவர் கிடைப்பார். பள்ளியில் சில சமயம் கூடுதல் பொறுப்பாக ஏற்றுக்கொண்ட ஆசிரியர்தான் இருப்பார்.

கல்லூரி உதவித்தொகையை நினைத்து எந்த அணியிலும் சேர்க்க வேண்டாம். டெக்சஸின் நவாரோ கல்லூரி அணியை 2020இல் நெட்ஃபிளிக்ஸ் தொடரில் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. ஆனால் அதே நாட்டில் 2010இல் கனெக்டிகட் கூட்டாட்சி நீதிமன்றம், குவினிபியாக் பல்கலைக்கழகத்தின் சியர் அணியை கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டத்தின் கீழ் விளையாட்டு அணியாகக் கணக்கிட முடியாது என்று தீர்ப்பளித்தது. பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் முழு அங்கீகாரம் 2021இல் கிடைத்தும், கல்லூரி உதவித்தொகை அதற்கேற்பப் பெருகிவிடவில்லை.

என் கருத்து இது. முதன்முறை சேரும் பதின்ம வயதுப் பிள்ளை, பள்ளியில் நண்பர்களைத் தேடுபவளானால், தகுதியான பயிற்சியாளர் இருக்கும் பள்ளி அணியே நல்லது. கரணமடிப்பதிலேயே உயிரை வைத்திருப்பவளுக்கு ஆல்ஸ்டார். இரண்டிலும் ஒரே ஆண்டில் சேர்ப்பவர்கள் உண்டு; கூடைப்பந்துப் பருவமும் ஆல்ஸ்டார் போட்டிகளும் ஒரே மாதங்களில் மோதும்போது உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெற்றோர்களே, அலமாரியில் இருக்கும் கோப்பைகளைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஒரு மாலைப் பயிற்சியை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். ஃபிளையர் தவறி விழும்போது யார் பிடிக்கிறார்கள், தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே உட்கார வைக்கிறார்களா என்று கவனியுங்கள். அவசர நிலைத் திட்டம் எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர்க்காதீர்கள்.